நாவலடி நாலாம் ஷட்டர்

பொய் சொல்வானேன், மகிமா ஜீப்பைவிட்டு இறங்கிய அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. காலில் ஷூ, தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் ஒரு டார்ச். நேராக மதகுப் பாலத்தில் ஏறினாள். முதல் ஷட்டரின் பல்சக்கரத்துக்குள் விரலைவிட்டுக் கிரீஸை வழித்து மோந்து பார்த்தாள்.

"இதுல பழைய எஞ்சின் ஆயில் கலந்திருக்கே. யாரு போட்டது?"

நான்தான் போட்டேன். பதினோரு வருஷமாக நான்தான் போடுகிறேன். இருக்கிற கிரீஸ் நாலு ஷட்டருக்கும் காணாது என்று டிராக்டர் ஷெட்டில் கேட்டு வாங்கிக் கலந்தேன். அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. "இங்கன அப்படித்தான் போடுவோம்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நோட்டில் எதையோ எழுதினாள். என்னைப் பற்றித்தான் எழுதுகிறாள் என்று நினைத்தேன். அன்று பிடித்த எரிச்சல்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் வருவது எங்கள் நாவலடி மதகு. நாலு இரும்பு ஷட்டர். மூன்று ஆற்றுக்கு. நாலாவது வாய்க்காலுக்கு. அந்த நாலாவது திறந்தால்தான் கீழே அறுநூறு ஏக்கரில் நாற்றுப் பாவ முடியும். என் வீட்டுக்காரர் அம்மாவாசி இங்கே லஸ்கராக இருந்தார். ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கிரீஸ் போடுவது, ஆற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்துச் சொல்வது, இதுதான் லஸ்கர் வேலை. நெஞ்சுவலியில் அவர் போனபிறகு கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்கு வந்தது. "பொம்பள ஷட்டர் தூக்கிக் கிழிச்சா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஒரு ஷட்டர் முழுசாக ஏற நூற்று அறுபது சுற்று. முதல் வாரம் இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்தது. இரண்டாவது வருஷம் சிரித்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கஸ்தூரி என்ற பேர் போய் நான் "ஷட்டரக்கா". டவுன் பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவான். விவசாயிகள் சங்கத் தலைவர் தவசி அண்ணன், வெளியூரிலிருந்து யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இந்தப் பள்ளத்தாக்குலயே ஷட்டர் ஏத்துற ஒரே பொம்பள இவுகதான்" என்பார். அந்த "ஒரே" என்ற சொல் எனக்கு எவ்வளவு ருசியாக இருந்தது என்பது மகிமா வந்தபிறகுதான் தெரிந்தது.

மதகுக்கு வயசு ஆகிவிட்டது. ஷட்டர் ஓரமெல்லாம் துரு அரித்து, ரப்பர் கிழிந்து, மூடியிருக்கும்போதே தண்ணீர் பீய்ச்சும். பழையதைச் செப்பனிட்டுக் கையால் சுற்றுவதற்குப் பதிலாக மோட்டார் வைப்பதாக ஆர்டர் வந்தது. அந்த வேலையை எடுத்த கான்ட்ராக்டரின் மெக்கானிக்கல் சூப்பர்வைசர்தான் மகிமா. தேனிக்காரி. முப்பத்துநாலு வயசு. பல்சக்கரத்தைக் கழற்றிப் பெட்ஷீட்டில் பரப்பி வைத்துக்கொண்டு அவள் பேசுகிற பேச்சைக் கேட்க ஆண்கள் வட்டமாக நின்றார்கள்.

தவசி அண்ணன் மறுநாளே இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். எனக்கு இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு இளநீர்? கேட்காதீர்கள்.

"ஆத்தாடி, என்னா மூளை இந்தப் பிள்ளைக்கு! சத்தத்த வச்சே எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு சொல்லுதே" என்று என்னிடமே சொன்னார்.

"எனக்கும் தெரியும்ணே."

"ஒனக்குத் தெரியாமயா? ஆனா அது படிச்சிட்டு வந்து சொல்லுது பாரு."

நான் வாளியை எடுத்துக்கொண்டு கரையிறங்கினேன். வாளியில் தண்ணீரும் இல்லை, எனக்கு அங்கே வேலையும் இல்லை.

திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பாலத்தில் நின்று அவளை வேடிக்கை பார்த்தார்கள். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, "இன்னொரு ஷட்டரக்கா வந்துட்டாகளாம்ல?" என்று பல்லைக் காட்டினான். இதெல்லாம்கூடப் போகட்டும். என் மகள் சுபாஸ்ரீ பன்னிரண்டாவது எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், தூக்குவாளியை என் பக்கம் வைத்துவிட்டு அவளோடு நின்று செல்ஃபி எடுத்தாள். என் ஷட்டருக்கு முன்னால் நின்று என்னோடு ஒரு போட்டோ எடுத்தவளில்லை. ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, நானும் மெக்கானிக்கல் சேரவா? மகிமாக்கா அப்ளிகேஷன் போட்டுத் தர்றேன்னு சொன்னாக" என்றாள்.

"ஏன், ஒங்கம்மாவப் பாத்து வராத ஆசை அவளப் பாத்து வந்துருச்சோ?"

"என்னம்மா இது, லூசு மாதிரி."

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

இதில் பெரிய கொடுமை, மகிமா என்னிடம் மரியாதையாக இருந்தாள். எதற்கெடுத்தாலும் "அக்கா, இங்கன வாங்க". மோட்டார் பெட்டியைத் திறந்து, "இந்தப் பச்சப் பட்டன் ஏத்த, செவப்பு நிறுத்த, இந்தச் சாவி கரண்ட் போனா கையால சுத்த" என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். நேற்றுச் சொன்னதையே இன்றும் கேட்பாள். எனக்கு என்ன தெரியாது என்று ஊருக்குக் காட்டுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன். ஒன்றையும் மறக்கவில்லை. மறந்தால் அவள் ஜெயித்துவிடுவாளே.

இனி அந்த நாலாம் ஷட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஷட்டரைத் தூக்குவது திருகு மரை வெட்டிய ஒரு நீள இரும்பு ராடு. அதைத் திருகினால் ஷட்டர் ஏறும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் நாலாவது ஷட்டரின் ராடு வளைந்துபோனது. அப்போது வேலை எடுத்த யாரோ ஒருவர், எங்கோ உடைத்துப் போட்ட மதகிலிருந்து ஒரு ராடு கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். மாட்டியபிறகுதான் தெரிந்தது, அதன் மரை இடப்பக்க மரை. மற்ற மூன்றும் வலப்பக்கம் சுற்றினால் ஏறும். நாலாவதை இடப்பக்கம் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் மூடியிருக்கிற ஷட்டரை இன்னும் கீழே போட்டு அமுக்கும்.

புதுசாக வருகிற ஆட்கள் தடுமாறக்கூடாது என்று என் வீட்டுக்காரர் அந்தச் சக்கரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் துணி கட்டினார். அடையாளத் துணி என்றால் எவனாவது அவிழ்த்து வேர்வை துடைப்பான். அதனால் வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய துணி, கௌமாரியம்மனுக்கு நேர்ந்தது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யார் தொடுவார்கள்? துணி நைந்தால் வருஷத்துக்கு ஒருதடவை மாற்றுவோம். அவருக்குப் பிறகு விஷயம் தெரிந்த உயிர் நான் ஒருத்திதான்.

மற்ற மூன்று ராடும் தேய்ந்துபோயிருந்ததால் மகிமா கழற்றித் தேனிப் பட்டறைக்கு அனுப்பினாள். "நாலாவது மட்டும் நல்லாருக்கு, கழட்ட வேண்டாம்" என்றாள். பெயிண்ட் அடிக்கிற அன்று நாலாம் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றவள், குனிந்து ஷூவைக் கழற்றினாள்.

"அக்கா, இது சாமித் துணிதான? நாங்க சர்ச்சுக்குப் போறவுக. நான் தொடலாமா, நீங்க எடுக்குறீகளா?"

வெறுங்காலோடு சுடுகிற இரும்புப் பலகையில் நின்றுகொண்டு கேட்டாள். ஏன் இந்தச் சக்கரத்தில் மட்டும் துணி என்று கேட்கவில்லை. அடுத்தவர் சாமியைப் பற்றிக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டாள். எனக்குச் சொல்ல ஒரே நிமிஷம்தான் ஆகியிருக்கும். "சாமியும் இல்ல பூதமும் இல்ல, இது இடப்பக்க மரை" என்றால் முடிந்தது.

"நீங்க தொடாதீக. நானே அவுத்துக்கிறேன்" என்றேன்.

"சாரிக்கா" என்றாள்.

அன்று சாயங்காலம் அந்த ராடின்மேல் கிரீஸைக் கையளவு அதிகமாகவே அப்பினேன். மரை எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியாத அளவுக்கு அப்பினேன். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவள் ஒருதடவை திணறட்டும், "அக்கா, என்னன்னு தெரியலயே" என்று என்னிடம் வந்து நிற்கட்டும், அப்புறம் சொல்லலாம். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆனால் மே மாசக் கடைசியில் உதவிப் பொறியாளர் சூரியபிரகாஷ் சார் போனில் பேசியது காதில் விழுந்தது. "மோட்டார் வந்துட்டா நாவலடிக்கு ட்ரெயினிங் எடுத்த ஆபரேட்டர் ஒரு ஆள் போதும். பேரு மகிமா மேடம் எழுதிக் கொடுப்பாங்க. மத்த ஆளை உத்தமபாளையம் ஆபீசுக்குப் போட்டுக்கலாம்."

மத்த ஆள் யார்? நான்தான். இந்த மதகை விட்டுவிட்டு நான் அங்கே போய் ஃபைல் தூக்கவா? டீ வாங்கிக் கொடுக்கவா? என் மதகில் வேறொருத்தர் நிற்பதா? கம்பெனி ஆளைத்தான் எழுதுவாள், இல்லாவிட்டால் அவளே நிற்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து, பிறகு சொல்லலாம் என்கிற நினைப்பும் போய்விட்டது.

நாலாவது மோட்டார் வருவதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. முதல் போகத்துக்கு அணையிலிருந்து தண்ணீர் விட்டாயிற்று, விடிந்தால் நாவலடிக்கு வந்துவிடும். மற்ற மூன்றையும் நாலு நாள் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தாள், நூல் பிடித்ததுபோல ஏறி இறங்கின. நாலாவதை மாட்டி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது, அதற்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

"ஒரு ட்ரையல் பாக்காம திறக்கக்கூடாது சார்" என்றாள் மகிமா.

"கரண்டு காலையிலதான் மேடம். மூணு ஓடுதுல்ல, அதே கனெக்ஷன்தானே?" என்றார் சூரியபிரகாஷ் சார்.

என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நாலாவதுல எதுவும் வித்தியாசம் உண்டா? நீங்க சுத்துன ஆளு. உங்களவிட யாருக்குத் தெரியும்?"

அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஒரு வித்தியாசமும் இல்ல மேடம். நாலும் ஒண்ணுபோலத்தான்."

"அப்பச் சரி" என்று டார்ச்சை அணைத்துவிட்டாள். பொறியாளர் பேச்சுக்கு அடங்காதவள் என் ஒரு வார்த்தைக்கு அடங்கிவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஊரே பாலத்தில் நின்றது. பூசாரி தேங்காய் உடைத்தார். பெண்கள் தட்டில் பூவும் நெல்லும் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வரிசையாக நின்றார்கள். சுபாஸ்ரீ செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதகுக்கு மேல்பக்கம் தண்ணீர் நுரையும் குச்சியுமாக ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஓரமாக நின்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த நாலாம் ஷட்டர் கிறீச்சென்று கத்தும், ராடு வளையும், பல் உதிரும், "என்னா மூளை" என்று சொன்ன வாயெல்லாம் வேறு மாதிரி பேசும். அதைப் பார்க்கத்தான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

சூரியபிரகாஷ் சார் கையைக் காட்டினார். "மேடம், நீங்களே ஆரம்பிச்சு வைங்க."

மகிமா பட்டன் பெட்டியைக் கையில் எடுத்தாள். வயரை இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நான் இல்ல சார். ஆபரேட்டர்தான் திறக்கணும்." கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "இன்னையிலருந்து நாவலடிக்கு ஆபரேட்டர் கஸ்தூரியம்மாள்தான். மூணு மாசம் ட்ரெயினிங் முடிச்சிருக்காக. வேற ஆள வையுங்கன்னு எங்க கம்பெனியில சொன்னாக. முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். சார் கையெழுத்தும் போட்டாச்சு."

கூட்டம் கை தட்டியது. தவசி அண்ணன் விசில் அடித்தார், அந்த வயசில். பெட்டி என் கையில் இருந்தது. தினமும் "இங்கன வாங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாளே, அதுதான் ட்ரெயினிங்.

முதல் ஷட்டருக்குப் பச்சையை அமுக்கினேன். ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதும் ஏறியது. தண்ணீர் ஆற்றில் இறங்கியது.

நாலாவதின் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தேன். எனக்கு மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் நினைக்காதீர்கள். அமுக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அமுக்கினால் பழி அவள்மேல். என்மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. வேலையும் என் பேருக்கு எழுதியாகிவிட்டது. ஆனால் விரலுக்குக் கீழே இருந்தது என் ஷட்டர். பதினோரு வருஷம் நான் சுற்றியது. அது மூடிய வாக்கிலேயே தரையோடு நசுங்கி, ராடு வளைந்து நிற்பதை என் கையாலேயே செய்துவிட்டு, நாளைக்கு அதன் முகத்தில் எப்படி முழிப்பது? அவளை எக்கேடு கெட்டுப்போகட்டும் என்று விட என்னால் முடியும். அதை முடியாது.

"அமுக்கு ஆத்தா!" என்றார் தவசி அண்ணன்.

விரலை எடுத்தேன். "மேடம், நாலாவது இடப்பக்க மரை. பச்சைய அமுக்குனா கீழ போகும்."

மகிமா ராடுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, நான் அப்பிய கிரீஸைக் கையால் வழித்தாள். வழிக்க வழிக்க வந்தது. நகத்தை மரையில் வைத்து மேலே ஓட்டிப் பார்த்தாள். எழுந்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. துணியும் தெரிந்துவிட்டது, நேற்றுச் சாயங்காலமும் தெரிந்துவிட்டது.

ஆனால் அவள் சிரித்தாள். சத்தமாகக் கேட்டாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கா?"

"நல்ல நேரத்துல ஞாபகம் வந்துச்சு. அம்மன்தான் சொல்லியிருக்கா" என்று தவசி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சூரியபிரகாஷ் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரிய விபத்தைத் தடுத்தீங்கம்மா" என்றார். நான் தலையை ஆட்டினால் போதும். மதகு எனக்கு. பேரும் எனக்கு. அவள் கையில் எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உச்சியில் ஏறியது. இதிலும் இவள்தான் பெரியவளா? படிப்பிலும் நீ, கைவேலையிலும் நீ, என் மகளுக்கும் நீ, இப்போது பெரிய மனசும் உனக்குத்தானா? சாகிறவரைக்கும் தினமும் இந்தப் பட்டனை அமுக்கும்போது, இது அவள் போட்ட பிச்சை என்று நினைத்துக்கொண்டே அமுக்கவா?

"இல்ல" என்றேன். "மொதல்லருந்தே தெரியும். நேத்து நீ கேட்டப்பயும் தெரியும். சாமித் துணின்னு சொன்னதும் பொய், அது இந்த மரைக்குக் கட்டுன அடையாளம். நீ அசிங்கப்படணும்னுதான் சொல்லல."

தட்டு வைத்திருந்த பெண்களில் ஒருத்தி "அடிப்பாவி" என்றாள். சுபாஸ்ரீ செல்போனைக் கீழே இறக்கினாள். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள். தவசி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். சூரியபிரகாஷ் சார் என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார்.

"நாளைக்குக் காலையில உத்தமபாளையம் ஆபீசுக்கு வந்திருங்க" என்றார். திட்டக்கூட இல்லை.

மகிமாவின் சிரிப்பு போய்விட்டது. "ஏங்க்கா?" என்று மட்டும் கேட்டாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எதற்கான ஏன் என்று நானும் கேட்கவில்லை. அவள் மோட்டார் பெட்டியைத் திறந்து இரண்டு வயரை மாற்றி மாட்டினாள். பத்து நிமிஷ வேலை. மூன்று மாசம் நான் பொத்திவைத்த ரகசியத்துக்கு அவ்வளவுதான் ஆனது. பட்டன் பெட்டியை அவளிடமே கொடுத்தார்கள்.

அவள் பச்சையை அமுக்கினாள். தண்ணீர் வாய்க்காலுக்குள் பாய்ந்தது, பெண்கள் குலவை போட்டுப் பூவும் நெல்லும் வீசினார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நாலாம் ஷட்டர் ஒரு ஆட்டமில்லாமல், ஒரு முனகலில்லாமல், இந்தப் பதினோரு வருஷத்தில் என் கைக்கு ஒருநாளும் ஏறாத அழகில் அவள் கைக்கு ஏறியது.